கை நனைக்காத சம்பந்தி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்ணைப் பார்த்து முடித்தாயிற்று. சம்பந்தம் பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுப் போவார்கள். இலையில் கறிச்சோறு ஆவி பறந்தது. ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா பாண்டிதுரையோ சோற்றைத் தொடவே இல்லை.

அடுக்களை வாசலில் பெண்ணின் அம்மா மாரிக்கனிக்குக் கண் கலங்கியது.

“பொண்ணு பிடிக்கலையா அண்ணாச்சி?” என்றார் பெண்ணின் அப்பா வெள்ளைத்துரை.

“பொண்ணு தங்கம். குறை எங்கிட்டதான். சுகருக்கும் தொப்பைக்குமா வாரம் ஒரு ஊசி போடுதேன். மாசாமாசம் டோஸை ஏத்துவாவ. முந்தாநாள் ஏத்திட்டாவ. சோத்து வாசம் பட்டாலே குமட்டுது.”

வெள்ளைத்துரை அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

“எனக்கு நேத்துதான் ஏத்துனாவ, சம்பந்தி. ஒங்க பக்கத்துல ஒக்காந்து எப்படித் திங்கப் போறேன்னு காலையிலேருந்து கலங்கிப்போய்க் கெடந்தேன்.”

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு காலண்டரைப் புரட்டினாள்.

“அடுத்த மாசம் இதே வாரத்துல நல்ல முகூர்த்தம் இருக்கு. வச்சிருவமா?”

சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள்.

“வேண்டாம், வேண்டாம். அது டோஸ் ஏத்துத வாரம்.”