அம்புக்குறியின் கிரிவலம்

அடி அண்ணாமலைப் பள்ளியின் கணினி அறைச் சுவரில், வானத்திலிருந்து எடுத்த வரைபடம் ஒளிர்கிறது. நடுவே, பச்சைப்பசேலென்று முழு மலை. சென்னையிலிருந்து கணினி சொல்லித்தர வந்திருக்கும் கனகலதா, "ஸ்கூல்லேர்ந்து உங்கம்மா வேலை பாக்குற லாட்ஜுக்குப் போ, ஓவியா" என்கிறாள். அது ரமணாசிரமம் பக்கம், சுவரில் ஒரு சாண் கீழே. ஓவியாவோ மவுஸை மேலே நகர்த்துகிறாள். "கீழ இறக்கும்மா, கிட்டத்தான் இருக்கு." "எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாதுங்க மிஸ். பஸ்ல போனா பரவால்ல. இப்ப முழு மலையும் தெரியுதே!" அம்புக்குறி வடக்கே வளைந்து, பெரிய கோயில் கோபுரங்களைத் தாண்டி, மெல்ல மெல்ல வலம் வருகிறது. பள்ளி விடும் மணி அடிக்கிறது. ஒரு பிள்ளையும் எழவில்லை. அம்புக்குறி லாட்ஜைத் தொடுகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும் தன் கையைக் கனகலதா அப்போதுதான் கவனிக்கிறாள்.