காலி லாரியின் எடை

யாவோர் சொந்த லாரி வைத்து, தோப்ரிச் ஊர்க் கிடங்கிலிருந்து கருங்கடல் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிப் போகிறவன். ஏற்றுவதற்கு முன் காலி லாரியை எடை போடுவார்கள். ஒரு வாரமாக அது ஓர் ஆள் கனம் கூடுதலாகக் காட்டியது.

"வண்டியில யாரைடா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார் எடைமேடைக்காரர் பெட்கோ. "காலி எடையைக் கூட்டிக் காட்டிட்டு, அப்புறம் ஆளை இறக்கிவிட்டுக் கோதுமையை அடிக்கலாம்னு பார்க்கிறியா?"

"நீங்களே ஏறிப் பாருங்கண்ணே. என் பழைய செருப்பைத் தவிர ஒண்ணும் கிடையாது."

பெட்கோ ஏறினார். இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கையைக்கூடப் புரட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மற்ற லாரிகளுக்கு எடை சரியாகவே வந்தது.

"நாளைக்கும் இப்படி வந்தா உனக்கு இங்க லோடு கிடையாது," என்றார்.

மறுநாள் யாவோர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிறுத்தினான். கிளம்பும்போது மனைவி ஸ்னேஜானா வழக்கம்போல் லாரிக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். போகிறவர் தண்ணீர் ஓடுவதுபோல் தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காக.

கிடங்கில் எடை சரியாக வந்தது. பெட்கோ எடைமேடை அறையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

"பயந்துட்டியா? உன் ஆளை எங்கடா இறக்கிவிட்ட?"

யாவோர் வீட்டைத் தவிர வேறெங்கும் நிறுத்தவில்லை. உடனே ஸ்னேஜானாவுக்குப் போன் செய்தான்.

"தண்ணி காயறதுக்குள்ள திரும்பி வந்துட்டியேன்னு இப்பதான் நினைச்சேன்," என்றாள் அவள். "மாடியில இருந்துக்கிட்டு எதுக்குப் போன் பண்ற?"