மூன்றாவது பொத்தான்

கருணாகரன் இறந்த பிறகு அவனுடைய சட்டைகளை யாருக்கும் கொடுக்கத் தமயந்திக்கு மனம் வரவில்லை. சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, வருஷத் திதியன்று அவன் படத்துக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய திரை செய்துகொண்டிருந்தாள். ஊசி ஓடும் நேரத்தில் மட்டும் அழுகை வருவதில்லை. பதினோராவது சட்டையில் கை நின்றது. அவள் பொத்தான் தைத்தால் நூல் பெருக்கல் குறி போல விழும். இருபது வருஷமாக அப்படித்தான். இந்தச் சட்டையின் மூன்றாவது பொத்தானில் மட்டும் நூல் இரண்டு நேர்கோடுகளாக ஓடியிருந்தது. அடியில் நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சே தெரியாமல் முடித்திருந்தது. பொறுமையான கை. பிரியமான கை என்றும் தோன்றியது.

“அண்ணனே தச்சிருக்கும் அண்ணி,” என்றாள் உடனிருந்த நாத்தனார் ரேணுகா.

“உங்கண்ணனா? ஷூ லேஸே நான்தான் கட்டிவிடணும்.”

ரேணுகா சிரித்தாள். “அப்ப டெய்லரா இருக்கும்.”

“ஒத்தப் பொத்தானுக்கு டெய்லரு இவ்வளவு மெனக்கெடுவானா?”

ரேணுகாவின் சிரிப்பு நின்றது. கத்தரிக்கோலை எடுத்தாள். “இத நான் பிரிச்சிடறேன் அண்ணி. நமக்குத் துணி இருந்தா போதும்ல?”

இவளுக்கு ஏன் இத்தனை அவசரம்? தமயந்தி கத்தரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கினாள். பொத்தானோடு சேர்த்து அந்தத் துண்டை வெட்டி, திரையின் நட்டநடுவில் வைத்துக் குண்டூசி குத்தினாள்.

“இருக்கட்டும் ரேணு. திதிக்கு எல்லாரும் வருவாங்க. எவ கண்ணு இங்க வந்து நிக்குதுன்னு பாத்துக்கறேன்.”