முகம் பார்த்துப் பேசுதல்

படகு கரையை விட்டு ஒரு முழம் விலகியதுமே ஞானதாசன் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டார். அடுத்த அலைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று திண்டுக்கல் மாரியம்மனையும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே அவர் அசையவில்லை. அசையவும் கூடாது. இன்றைக்கு அவர் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்.

கன்னியாகுமரித் துறையிலிருந்து பாறைக்குப் போகும் இந்தப் படகுதான் சுற்றுலாப் படிப்பின் கடைசி வருடப் பிராக்டிக்கலில் கடைசிக் கட்டம். மாணவர்கள் ஆளுக்கோர் இடத்தில் வழிகாட்டியாக நின்று பேச வேண்டும், அவர் பயணியாக உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும்.

அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் ஞானதாசன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டே அட்லாண்டிக்கைச் சாக்பீஸால் தாண்டிக் காட்டியவர். நிஜக் கடலில் மட்டும் இதுவரை கால் நனைத்ததில்லை. இது ஒரு மாணவனுக்குத் தெரிந்தால் போதும், அவர் ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் சேதி அங்கே போய் இறங்கிவிடும்.

வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிக் கரையிலேயே நின்றுவிடத்தான் இருந்தார். கல்லூரியின் துறைத் தலைவர் கிருஷ்ணமணி சொன்ன ஒரு வார்த்தை அவரை ஏற்றிவிட்டது.

"படகுக்கு பிரிஜாவத்தான் விட்டிருக்கேன் சார். மணவாளக்குறிச்சிப் பக்கம், கடப்புறத்துப் பிள்ளையாக்கும். அப்பனுக்கும் அண்ணனுக்கும் கடல்லதான் கெடப்பு."

அந்த பிரிஜா இப்போது அவருக்கு நேர் எதிரே நின்றாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, மறு கை திசை காட்டியது. இந்தப் பிராக்டிக்கலில் முதலாவதாக வருகிறவருக்கு வேலை தருவதாகக் கொச்சியில் ஒரு கப்பல் சுற்றுலா கம்பெனி சொல்லியிருந்தது.

ஞானதாசன் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், கண்ணால்தான். கடலோடு வளர்ந்த பிள்ளை. ஆபத்து என்று ஒன்று வந்தால் முதலில் இவள் முகத்தில்தான் தெரியும். இவள் பேசிக்கொண்டிருக்கும்வரை நம் உயிருக்குக் கேடில்லை என்று கணக்குப் போட்டார்.

அவள் பேசினாள். மடை திறந்த மாதிரி பேசினாள். முக்கடலும் கூடும் இடத்தைக் காட்டினாள், மூன்று நிற மணலைச் சொன்னாள், மூச்சு விடாமல் திருவள்ளுவருக்குத் தாவினாள். ஊர்ப் பேச்சின் இழுப்பில் அது பாட்டாகவே கேட்டது.

படகு நிறைய ஆள் இருந்தும் அவள் கண் அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை. 'பயணியின் முகம் பார்த்துப் பேசுதல்' என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஞானதாசன் அதை அப்போதே முழுசாகக் கொடுத்துவிட்டார்.

நடுவழியில் ஓர் அலை படகைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தது. சேலத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று கூட்டாக "ஐயோ" என்றது.

ஞானதாசனும் கத்தத்தான் பார்த்தார். வாய் திறக்கவில்லை, கழுத்து திரும்பவில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார்.

பிரிஜா ஒரு கணம் நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து திருவள்ளுவரைப் பிடித்து மேலே போனாள்.

இதுவல்லவா கடல் வளர்த்த பிள்ளை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாறையில் இறங்கியதும், கால் தரையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, நிழலில் ஒரு சுவரோரம் சாய்ந்தார். காலையில் கரையில் பேசிய மற்றவர்களுக்கெல்லாம் யோசித்து யோசித்துப் போட்ட மதிப்பெண்ணை இவளுக்கு யோசிக்காமல் போட்டார். முழு மதிப்பெண். கொச்சி வேலை அவளுக்குத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போனில் பேசுவது கேட்டது. பிரிஜாவின் குரல்.

"அம்மா, பாறைக்கு வந்து சேந்தாச்சு. நம்ம பெண்டுகள் வள்ளத்துல கால் வைக்கப்படாதுன்னு அப்பா சொல்லுவாருல்லா, அவருட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத. கொச்சி வேல வேணும்னா ஏறாம முடியுமா? பயமா? உசிரு போயிட்டுத்தான் வந்துது. நல்லவேள, முன்னால எக்ஸாமினர் சாரு இருந்தாரு. எத்தன கடலு கண்ட மனுசனோ, அந்த அலைக்கும் ஒரு அசைவு இல்ல கேட்டியா. அவருக்க மொகத்தயே பாத்துப் பாத்து வந்து சேந்தேன்."

ஞானதாசன் மெல்லச் சரிந்து அங்கேயே உட்கார்ந்தார்.

கீழே, திரும்பிப் போகும் படகு ஹாரன் அடித்தது. கரைக்குப் போக வேறு வழி உண்டா என்று அவர் நாலு பக்கமும் பார்த்தார். நாலு பக்கமும் கடல்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றி வந்த பிரிஜா அவரைக் கண்டதும் நிம்மதியாகச் சிரித்தாள்.

"சார், போவும்பமும் எனக்க முன்னாலயே இருப்பியளா?"

ஞானதாசன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்வதற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.