கயிற்றைப் பிடிக்கிறவன்

ஆடி மாதச் சாரல், லாட்ஜின் வராந்தா வரை அடிக்கிறது. மலையில் தேனெடுக்கும் பளியர் பழங்குடியைச் சேர்ந்த சடையன், தலையிலிருக்கும் தேன் தகரத்தை இறக்காமலே, பெயிண்டர் பலவேசம் சுவரில் வரையும் படத்தை முறைக்கிறார். படத்துப் பளியன் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்குகிறான். தலையில் மயிலிறகு வேறு. கயிற்றின் நுனி மேலே ஒரு மரத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

“கயித்தைப் பிடிக்க மச்சான் எங்க அண்ணாச்சி? பொண்டாட்டிகூடப் பொறந்தவன் பிடிக்காம எங்காளு எவனும் எறங்கமாட்டான். மூணாவது தடவையாச் சொல்லுதேன்.”

பலவேசம் பிரஷ்ஷை உதறுகிறார். “அங்கன உச்சியில எடமில்லலே. லாட்ஜ் பேரை எழுதணும். மொதலாளி உத்தரவு.”

சடையன் தரையை மிதித்துக் காட்டுகிறார். “எங்க குடிசை நின்ன எடத்துலதான் இந்த லாட்ஜே நிக்குது. பாறை உச்சியும் வேணுமாமா அவருக்கு?”