கம்பிக்குப் பின்னால் ஒரு படம்

வழிகாட்டிப் பெண்மணி கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அப்பா உள்ளே. கையில் போனோடு மகள் வெளியே.

அமெரிக்காவின் ஒஹாயோவில் சின்ன ஊர் அது. சுற்றிப் பார்க்க நான்கே இடங்கள். ஊரை உண்டாக்கியவரின் வீடு, ரயில் நிலையம், நீதிமன்ற மணிக்கூண்டு, இந்தப் பழைய சிறை. எதற்கும் நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கே வழிகாட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. காலையிலிருந்து அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

இங்கே வருகிறவர்கள் ஒரு தடவை உள்ளே போய், கம்பியைப் பிடித்தபடி முகத்தைப் பாவமாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்களாம். அப்பா வேண்டாம் என்றார். மகள்தான் விடாமல் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

எடுத்த படத்தை அங்கிருந்தே அம்மாவுக்கு அனுப்பினாள். முழங்கால் வலி என்று அம்மா மதுரையிலேயே தங்கிவிட்டாள்.

வழிகாட்டி கதவைத் திறந்து, வரலாம் என்று கைகாட்டினாள்.

அப்பா வரவில்லை.

சுவரை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விடுவதுபோல ஒடுங்கினார்.

பிறகு, தலை குனிந்தபடியே ஒரு எண்ணைச் சொன்னார். கூடவே, "ஐயா."

வழிகாட்டிக்கு ஒரே சிரிப்பு. உன் அப்பா பிரமாதமாக நடிக்கிறார் என்றாள்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அப்பாவா? கல்யாண வீட்டில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால்கூட எழுந்து போய்விடுகிற மனிதர்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பம்பாய்க்கு மில் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம். ஒரு கடுதாசிகூட வரவில்லை. திரும்பி வந்தபோது தலை மொட்டை. வழியில் திருப்பதி போனதாகச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்கும் இதற்கும் என்ன? ஒன்றும் பிடிபடவில்லை. பயமாக இருந்தது.

போன் அடித்தது. அம்மா.

"அந்தப் படத்த அழிச்சிரும்மா."

ஏன் என்று கேட்பதற்குள் அம்மாவே தொடர்ந்தாள்.

"மொதல்ல அவர வெளிய கூட்டிட்டு வா."

கதவு அகலத் திறந்துதான் கிடக்கிறது.

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?