வெனிசுவேலா படும் பாடு

காலை ஆறு மணிக்கே, ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் ஆனந்தராஜா கிராணிக்கு வெனிசுவேலாவின் மேல் இரக்கம் பொங்கிவிட்டது.

"பேப்பர் பார்த்தனியே, அமலதாஸ்? அங்க தேர்தலும் சும்மா, கோர்ட்டும் சும்மா. பொலிஸ் நினைச்சால் ஆரையும் விசாரணை இல்லாமல் உள்ள போடலாமாம்!"

"ஐயோ பாவம்," என்றார் பின்னால் நின்ற, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் அமலதாஸ். "அது சரி, பையில என்னா ஐயா? புட்டு வாசனை தூக்குதே."

"ஆபிஸ் கடுதாசி," என்று கிராணி பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆபிஸ் வேலையாகக் கெர்லிங் டவுன் வரை போய் மாலையில் திரும்பும்வரை, மனைவி வாகீஸ்வரி அவித்துக் கொடுத்த அந்தப் புட்டுதான் அவருக்கு ஆகாரம். "போற வாற சனத்தின்ர பையையும் துழாவுவாங்களாம். மானமுள்ளவன் பொறுப்பானோ? நாங்களெண்டால்..."

"கிராணி, கையத் தூக்குங்க லா!"

தோட்டத்து முள்வேலிக் கேட்டில், அவசரகாலச் சட்டத்தின் காலைச் சோதனை வரிசையில், கிராணியின் முறை வந்திருந்தது.

கிராணி கையைத் தூக்கினார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பையைக் கவிழ்த்தான்.

"சாப்பாட்டுச் சாமான் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா? காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுக்கா?"

புட்டு பறிமுதலானது. கிராணி வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அமலதாஸ் தானும் கையைத் தூக்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"ஏங்கய்யா, வெனிசுவேலாவுல புட்டையாவது விட்டு வைக்கிறாங்களா?"